நின்றால் அளவு சரி, உட்கார்ந்தால் கவசம் தாடையில் முட்டுகிறது: எங்கே தப்பியது?

நீலத்தும்பி:

என் தம்பி ஒரு மேடை நாடகத்தில் போர்வீரனாக வருகிறான். அவனுக்கு முழுக் கவச உடை நான்தான் செய்துகொண்டிருக்கிறேன். 10 மிமீ தடிமனுள்ள ஈவிஏ ஃபோம், அதாவது ரப்பர் போன்ற நுரைத் தாள். மார்பும் முதுகும் வெட்டி ஒட்டியாயிற்று, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. நேராக நின்று கண்ணாடியில் பார்த்தால் அவ்வளவு பொருத்தம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் மொத்தமும் மேலே ஏறி, கழுத்து விளிம்பு தாடைக்கு அடியில் முட்டுகிறது. இரண்டு கையாலும் வாளைப் பிடிக்கச் சொன்னால் கைகள் கிட்டவே வரவில்லை, அக்குள் ஓரம் அழுந்திச் சிவந்துவிட்டது. ஐந்தே நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது என்று கழற்றச் சொல்லிவிட்டான்.

பனியனோடு நிற்கவைத்து நான் எடுத்த அளவுகள்: மார்பு 94 செமீ, இடுப்பு 86, கழுத்தோரத் தோளில் இருந்து இடுப்பு வரை முன்பக்கம் 53, தோளுக்குத் தோள் 44. மார்புக்கு 4 செமீ லூஸ் விட்டு 98 என்று வெட்டினேன். அப்படியும் டைட்.

கை, கால், தலைக்கவசம் எல்லாம் மிச்சமிருக்கின்றன. காட்சியில் அவன் நடக்கிறான், ஒரு காலை மண்டியிடுகிறான், ஆசனத்தில் உட்கார்ந்து பேசுகிறான். இனியும் ஃபோமை வீணாக்க மனமில்லை. எப்படி அளவெடுப்பது என்று செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

தும்பி, உங்கள் டேப்பில் தப்பில்லை. சட்டைக்கு எடுப்பதுபோல் கவசத்துக்கு எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இருபது வருடம் துணி தைத்துவிட்டு ஃபோமுக்கு வந்தவள் நான். எனக்கும் முதலில் இதே இடத்தில்தான் தடுக்கியது. துணி விட்டுக்கொடுக்கும், ஃபோம் விட்டுக்கொடுக்காது. அதனால் கவசத்தைப் போட்டுக்கொண்டு அவர் என்னென்ன செய்யப்போகிறாரோ, அந்தந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும்.

முதலில் அந்த 53. இடுப்பு என்று நாம் ஒரே சொல்லில் இரண்டு இடங்களைச் சொல்கிறோம். பேன்ட் நிற்கும் இடமும் இடுப்பு, உடல் மடிகிற இடமும் இடுப்பு. இரண்டுக்கும் நடுவே எட்டு, பத்து செமீ இருக்கும். நீங்கள் பெல்ட் வரை அளந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தம்பியைப் பக்கவாட்டில் சாயச் சொல்லுங்கள். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே ஒரு நாடாவைக் கட்டுங்கள். எல்லா அளவும் முடியும்வரை அதை அவிழ்க்க வேண்டாம். மார்புக்கவசம் அந்த நாடாவோடு முடிய வேண்டும். அதைத் தாண்டி இறங்கினால், உட்காரும்போது தொடை அதன் அடிவிளிம்பைத் தள்ளும், மேல்விளிம்பு தாடைக்குப் போகும். பழைய எஃகு மார்புத் தகடுகளும் பெரும்பாலும் அந்த மடிப்பு அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தொங்குவது தனித்தனிப் பட்டைகள். நீங்களும் அடியில் எட்டு செமீ அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துண்டையே இரண்டு பட்டையாக்கி உள்ளே எலாஸ்டிக் நாடாவில் தொங்கவிடலாம். ஃபோம் வீணாகாது.

அடுத்தது 98. நீளத்தை அளந்து வெட்டிய தடித்த ஃபோமை ஒரு வளையமாக வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் கசங்கிச் சுருங்கும். வெட்டிய நீளம் நடுக்கோட்டுக்குத்தான் கிடைக்கும். உள்சுற்று ஏறத்தாழ தடிமனைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் குறையும். 10 மிமீ ஃபோமில் 3 செமீ போய்விடும். உங்கள் 98 உள்ளே 95தான். பனியனோடு 94 உள்ளவர் மூச்சை இழுத்தால் எங்கே போவார்? நீங்கள் விட்ட லூஸில் பெரும்பகுதியை ஃபோமே எடுத்துக்கொண்டது.

ஆகவே கவசத்துக்கு உள்ளே போடப்போகிற உடுப்பை, பஞ்சு வைத்ததாக இருந்தால் அதையும் போடவைத்து, மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தச் சொல்லி அளவெடுங்கள். அதோடு ஃபோமுக்காக 3, அசைவுக்காக 2 அல்லது 3 சேருங்கள். இப்போது ஒட்டியதைப் பிரிக்க வேண்டாம். பக்கவாட்டில் இரண்டு தையலையும் வெட்டிவிட்டு வாரும் பக்கிளும் வைத்தால் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியைக் கை மறைத்துவிடும்.

கை கிட்ட வராததற்குக் காரணம் தோளுக்குத் தோள் எடுத்த 44. மார்புத் தகட்டின் மேல்பகுதிக்கு அந்த அளவு உதவாது. இரண்டு கையாலும் வாளைப் பிடித்தபடி முன்னால் நீட்டச் சொல்லுங்கள். இடது அக்குள் மடிப்பில் இருந்து வலது அக்குள் மடிப்பு வரை அப்போது அளங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். மேல்பகுதி அந்த அகலத்துக்குள் நிற்க வேண்டும். மிச்சத்தைத் தோள்கவசம் மூடிக்கொள்ளும். முதுகில் இதற்கு நேர்மாறு: கையை நீட்டினால் முதுகு விரியும், அங்கே அகலத்தைக் குறைக்காதீர்கள்.

கை கால்களுக்கு நான் இரண்டிரண்டு அளவு எழுதுவேன், தளர்ந்த நிலையில் ஒன்று, இறுக்கிய நிலையில் ஒன்று. முன்கையை முஷ்டி பிடித்து, மேல்கையை மடக்கி முறுக்கி, தொடையை நாற்காலியில் உட்கார்ந்து. வலது இடது இரண்டையும் எடுங்கள். எந்தக் கையால் அதிகம் வேலை செய்கிறாரோ அது பெரும்பாலும் சற்றுப் பருத்திருக்கும். முன்கைக் கவசம் மூடிய குழாயாக இருந்தால் மணிக்கட்டு அளவு போதாது. கட்டைவிரலை உள்ளே மடித்துக் கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும், கை அதன் வழியாகத்தானே நுழைய வேண்டும். கெண்டைக்காலுக்கும் இதே கதை. கணுக்கால் ஒல்லி, குதிகாலும் புறங்காலும் சேர்ந்தால் பெரிது. பின்னால் திறப்பு வைத்துவிடுங்கள்.

தொடையின் பின்பக்க நீளத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என் முதல் தொடைக்கவசத்தை நின்றபடி அளந்து, முழங்காலின் பின்குழி வரை இறக்கிவிட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பார்த்தால் குழிக்கு மேலே விளிம்பு பதிந்த கோடு, தோல் உரிந்து இரண்டு நாள் எரிந்தது. இப்போதெல்லாம் உட்காரவைத்து, முழங்காலை நன்றாக மடக்கச் சொல்லி, மடிப்பில் இருந்து நான்கு விரல் மேலே ஒரு குறி போடுகிறேன். பின்பக்கம் அந்தக் குறியோடு நின்றுவிடும். முன்பக்கம் அதைவிடக் கீழே இறங்கலாம்.

கால் உயர அளவுகள் எல்லாம் மேடையில் போடும் அதே காலணியோடு. சாயங்காலம் எடுத்தால் நல்லது, நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அவரே குனிந்து டேப்பைப் பார்க்கக் கூடாது, குனிந்தால் முன் நீளமும் பின் நீளமும் மாறிவிடும். அப்புறம், உங்கள் டேப்பை ஒரு எஃகு ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். பழைய டேப் நீண்டுபோயிருக்கலாம்.

காகிதத்தச்சன்:

அக்கா சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம்.

முப்பரிமாண உருவத்தைக் காகிதத் துண்டுகளாக விரித்துத் தரும் பெபகுரா போன்ற மென்பொருளில் இருந்து கை கால் வெட்டு மாதிரிகளை அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால், மொத்த உருவத்தையும் தம்பியின் உயரத்துக்கு ஒரே விகிதத்தில் பெரிதாக்காதீர்கள். உயரம் பொருந்தும், தொடை பொருந்தாது. ஒவ்வொரு பாகத்தையும் தனியாக, அதன் மிக ஒடுக்கமான இடத்தை வைத்துக் கணக்கிடுங்கள். கோப்பில் முன்கையின் உள்சுற்று 240 மிமீ, உங்களுக்கு வேண்டியது 288 என்றால் 1.2 மடங்கு. அப்போது நீளமும் 1.2 மடங்காகும் என்பதால் முழங்கையில் இடிக்கிறதா என்று பார்த்து நீளத்தை மட்டும் வெட்டுங்கள். முதல் தாளில் 10 செமீ கோடு ஒன்றை வரைந்து அச்சடித்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தாளுக்குள் அடக்குவதற்காகப் பிரின்டர் சொல்லாமல் சுருக்கிவிடும். நான் ஒரு முழு ஜோடிக் கால்கவசத்தை அப்படி இழந்திருக்கிறேன்.

மென்பொருளே வேண்டாம் என்றால், காலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, வேண்டிய கோடுகளை மார்க்கரால் வரைந்து, வெட்டி விரித்தால் அதுவே வெட்டு மாதிரி. கத்தரிக்கோல் நுனி மழுங்கலாக இருக்கட்டும், வெட்டும்போது ஒரு விரலை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். மார்பில் இதைச் செய்தால் இறுக்கிச் சுற்றவே கூடாது, சிலருக்கு நின்றபடியே மயக்கம் வந்துவிடும். கழுத்தில் வேண்டவே வேண்டாம்.

இரும்புச்சிட்டு:

தலைக்கவசத்துக்குத் தலையின் சுற்றளவை நம்பாதீர்கள். 57 செமீ சுற்றளவுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு நீண்ட தலை, இன்னொருவருக்கு உருண்டைத் தலை இருக்கலாம். நான் செய்வது இது: அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காதுகளை ஒட்டித் தலையின் இருபுறமும் கெட்டி அட்டைப் புத்தகங்களை நிமிர்த்திப் பிடித்து, நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்கிறேன். அதேபோல் மூக்கு நுனிக்கு முன்னால் ஒன்று, பின்தலையில் ஒன்று. பிறகு உச்சந்தலையில் ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று. அகலம், ஆழம், உயரம் மூன்றும் கிடைத்துவிடும். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு, கொண்டை போடுபவர் என்றால் கொண்டையோடு. பக்கத்துக்கு ஒன்றரை செமீ ஸ்பான்ஜுக்கு விடுங்கள். மூடிய தலைக்கவசமாக இருந்தால் கழுத்து வாய் வழியாக மூக்கும் பின்தலையும் நுழைகிறதா என்று அட்டையில் வளையம் செய்து முதலில் பாருங்கள்.

லூஸாக விட்டால் அசைய முடியும் என்று நினைத்து எல்லாப் பாகத்தையும் பெரிதாக்கிவிடாதீர்கள் என்றும் சொல்ல ஆசை. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தரையில் நின்று போரிடுவதற்காக 1520இல் கிரீனிச் பட்டறையில் செய்த எஃகுக் கவசம் இப்போது லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 43 கிலோ. முழங்காலின் பின்பக்கம், முழங்கையின் உள்பக்கம் உட்பட உடல் முழுவதையும் மூடுகிறது, ஆனாலும் மடங்கும். மூட்டுகளில் சிறு சிறு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன, அதனால். படங்களைத் தேடிப் பாருங்கள், அந்தப் பட்டைகளின் அகலத்தைப் பார்த்தாலே உங்கள் முழங்கால் எப்படி அமைய வேண்டும் என்று புரிந்துவிடும்.

நீலத்தும்பி:

மூவருக்கும் நன்றி. நேற்று நாடா கட்டி மறுபடி அளந்தேன். தோளில் இருந்து மடிப்பு வரை 44.5. பெல்ட் வரைதான் அளந்திருக்கிறேன், ஊசிமுனை அக்கா சொன்னது அப்படியே சரி. பஞ்சு உடுப்பும் முழு மூச்சும் சேர்த்து மார்பு 101. வாள் பிடித்த நிலையில் அக்குளுக்கு அக்குள் 29தான். அடியில் வெட்டி, பக்கம் திறந்து, தற்காலிகமாகக் கயிறு கட்டிப் போட்டுப் பார்த்தோம். தம்பி ஆசனத்தில் உட்கார்ந்து தன் வசனம் முழுவதையும் சொல்லி முடித்தான், ஒரு தடவைகூட கழுத்தில் கைவைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். மண்டியிடும்போது தரையில் படும் முழங்கால் துண்டுக்கு எந்த அளவை வைத்துக்கொள்வது?

ஊசிமுனை:

நேராக நிற்கும்போது ஒன்று, மண்டியிட்டபோது ஒன்று எடுங்கள். முட்டிச்சில்லுக்கு ஒரு சாண் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி பேனாவால் வைத்து, முன்பக்கமாக டேப்பை ஓட்டி இரண்டு நிலையிலும் அளங்கள். மண்டியிட்டால் அந்தத் தூரம் கூடும். எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குத் தொடைத் துண்டும் கெண்டைக்கால் துண்டும் முட்டித் துண்டுக்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டும். 6 செமீ கூடினால் மேலே மூன்று, கீழே மூன்று, விளிம்பு தெரியாமலிருக்க ஒவ்வொன்றிலும் இன்னும் ஒன்று. முட்டித் துண்டைத் தொடையோடு மட்டும் நாடாவில் இணைத்துவிட்டு, கீழ்ப்பக்கத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். முதலில் அட்டையில் வெட்டிக் கட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபோமில் கைவையுங்கள்.