ஒரே ஊசிக்கு இரண்டு விலை: யாரைக் கேட்பது?

காவிரிக்கரை:
என் சித்தப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மறுநாள், வெள்ளை அணுக்கள் குறையாமலிருக்க ஓர் ஊசி போட வேண்டும். தனியார் மருத்துவமனைக்குள் இருக்கும் மெடிக்கலில் 6,800 ரூபாய், பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. அப்படியே. மூன்றாவது சுற்றின்போது தெரிந்தவர் சொல்லி, ஊரில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கேட்டேன். அதே கம்பெனி, அதே மருந்து, 1,900 ரூபாய். போலியாக இருக்குமோ என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பில்லோடுதான் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போனால், "வெளியில் வாங்கியதைப் போட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவின் ஓய்வூதியம் மாதம் 11,000.

எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால்தான் குற்றம். எம்.ஆர்.பி.யே மூன்றரை மடங்கு என்றால் யாரைக் கேட்பது? 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு விற்பனை லாபம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. அதை எல்லா மருந்துக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

மருந்தாலைக்காரர்:
தம்பி, முதலில் சித்தப்பா நல்லபடியாகத் தேறி வரட்டும். நான் 22 ஆண்டுகளாகப் புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறிய மருந்து ஆலையில், உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டியது. பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தால் மருத்துவமனை தயங்கத்தான் செய்யும். அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம், வரம்பு. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட வேண்டும். அதைவிட மலிவான மருந்து கிடையாது. மலிவு என்பதாலேயே செய்ய ஆளில்லாமல் போய், அந்த ஊசிக்குத் தாய்மார்கள் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். கட்டுப்படியாகவில்லை, உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று கம்பெனிகள் விண்ணப்பம் போட்ட பிறகு, 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை ஆணையமே 8 மருந்துகளின் உச்ச விலையை 50 விழுக்காடு உயர்த்தியது. பென்சிலின் வகையில் ஒன்றான பென்சைல் பென்சிலின், ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், மனநலத்துக்கான லித்தியம் எல்லாம் அதில் உண்டு. விலையை அழுத்திப் பிடித்தால் மருந்தே காணாமல் போகும். கிடைக்காத மருந்து மலிவாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

கடைவீதி பார்மசிஸ்ட்:
அண்ணன் சொல்லும் பென்சிலின் கதை உண்மை. ஆனால் காவிரிக்கரை கேட்பது அதை இல்லை. ஆலையிலிருந்து வெளிவரும் விலையை யாரும் அழுத்தச் சொல்லவில்லை. ஆலைக்கும் நோயாளிக்கும் நடுவில் போகும் பணத்தைப் பற்றித்தான் பேச்சு.

என் கடைக்கு வரும் ரெப், அதாவது கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, இரண்டு விலை சொல்வார். அட்டையில் அச்சிட்ட விலை 180, எனக்கு 22. பத்து பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி சும்மா. அடுத்த கம்பெனி ரெப் வந்து, "எங்களுடையது 210, உங்களுக்கு அதே 22" என்பார். இதுதான் எங்கள் தொழிலில் போட்டி. மற்ற பொருளில் போட்டி வந்தால் விலை இறங்கும். மருந்தில் ஏறுகிறது. காரணம், வாங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை. டாக்டர் எழுதுகிறார், கடைக்காரரோ மருத்துவமனையோ எந்தக் கம்பெனியை அடுக்குவது என்று முடிவு செய்கிறார்கள், பணம் மட்டும் நோயாளியுடையது. அதனால் கம்பெனிகள் நோயாளியை இழுக்க விலை குறைப்பதில்லை. எங்களை இழுக்க இடைவெளியைக் கூட்டுகிறார்கள். நான் இந்த லாபத்தில்தான் கடை நடத்துகிறேன். ஆனாலும் இது சரியில்லை என்றுதான் சொல்வேன்.

உச்ச விலை நிர்ணயிக்கும் முறையும் இதற்கு உதவவில்லை. 1995 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் உற்பத்திச் செலவிலிருந்து கணக்குப் போட்டார்கள். 2013 ஆணை வந்ததும் அதை விட்டுவிட்டு, சந்தையில் 1 விழுக்காடாவது பங்கு உள்ள பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதற்கு மேல் கடைக்காரருக்கு 16 விழுக்காடு என்று மாற்றினார்கள். எல்லாரும் கூட்டி வைத்த விலையின் சராசரி எப்படிக் குறைவாக இருக்கும்? அதுவும் அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்குத்தான். பட்டியலில் இல்லாததற்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை கேள்வியே இல்லாமல் ஏற்றலாம்.

மருந்தாலைக்காரர்:
சராசரி முறை குறையுள்ளது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செலவுக் கணக்கு முறையில் ஒவ்வொரு கம்பெனியும் கணக்குப் புத்தகத்தோடு டெல்லிக்கு அலைந்த காலத்தையும் பார்த்தவன் நான். அது சின்ன ஆலைகளைத்தான் முதலில் கொன்றது.

தாலுகா செவிலி:
நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இங்கே இந்தக் கேள்விக்குப் பாதி பதில் 1995 முதலே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு, கம்பெனியிடமிருந்து நேராக வாங்குகிறது. பிராண்டு பெயர் கிடையாது, ரெப் கிடையாது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தேறினால்தான் எங்களுக்கு வரும். பார்மசிஸ்ட் அண்ணா சொன்ன கோளாறு இங்கே இல்லை. தேர்ந்தெடுப்பவரும் பணம் கட்டுபவரும் ஒருவரே. கம்பெனி விலையைக் குறைத்தே ஆக வேண்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் ஒரு மருந்து தீர்ந்துபோகும். "வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

மருந்தாலைக்காரர்:
அந்த டெண்டருக்கு விலை போட்ட கம்பெனியில் நானும் இருந்திருக்கிறேன் அம்மா. பைசாக் கணக்கில் ஓடும். பெரிய அளவு, உறுதியான கொள்முதல் என்பதால் தாங்குகிறது. அந்த உறுதி இல்லாமல் விலையை மட்டும் குறைக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

சட்டம் படிப்பவள்:
மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் பற்றி ஒன்று. புற்றுநோயாளியான தாயின் சிகிச்சையில் இதே அனுபவம் பட்டவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் கட்டாய உத்தரவு போடவில்லை, மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. ஆக, பந்து இப்போது மாநிலங்களிடம் இருக்கிறது.

காப்புரிமை உள்ள மருந்தில் நிலைமை இன்னும் மோசம். சிறுநீரக, ஈரல் புற்றுநோய்க்கான நெக்சாவர் மாதத்துக்கு 2,80,428 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் நாட்கோ என்ற இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே அந்த மருந்தைச் செய்ய அரசு அனுமதி, தந்ததும் 8,880. அதன் பிறகு ரத்தப் புற்றுநோய்க்கான டாசாட்டினிப், சர்க்கரை நோய்க்கான சாக்ஸாகிளிப்டின் இரண்டுக்கும் அந்த உரிமம் கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தில் இருக்கும் கதவை ஒரு தடவை திறந்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம்.

மருந்தாலைக்காரர்:
அந்த 8,880-இல் ஆராய்ச்சிச் செலவு இல்லை மகளே. யாராவது ஒருவர் அதைக் கட்டித்தான் அடுத்த மருந்து வரும். இந்தியக் கூலிக்காரரின் தலையில் அதை வைக்கக்கூடாது என்றால், நானும் உங்கள் பக்கம். ஆனால் யார் தலையில் என்று சொல்லாமல் விடக்கூடாது.

காவிரிக்கரை:
அண்ணே, பென்சிலின் விஷயத்தில் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். ஆலை விலையில் கை வைக்க வேண்டாம். ஆனால் என் ஊசியில் 1,900-க்கு விற்ற கடைக்காரருக்கும் லாபம் இருந்திருக்கிறது. மீதி 4,900 எந்த ஆலைக்கும் ஆராய்ச்சிக்கும் போகவில்லை. அதை எந்த நியாயத்தில் சித்தப்பா கட்ட வேண்டும்? இதற்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மருந்தாலைக்காரர்:
அந்த 4,900-க்கு என்னிடம் நியாயம் இல்லை தம்பி. எல்லா மருந்துக்கும் ஒரே 30 என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். இரண்டு ரூபாய் மாத்திரையில் 30 விழுக்காடு வைத்துக் கிராமத்துக் கடை நடக்காது. விலை ஏற ஏற விழுக்காடு குறைகிற மாதிரி படிப்படியாக வையுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைவீதி பார்மசிஸ்ட்:
காவிரிக்கரை, அடுத்த சுற்று எப்போது? டாக்டரை நேரில் பார்த்துப் பேசுங்கள். ஜெல் பேக் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள், பேட்ச் எண் உள்ள பில் கையில் இருக்கட்டும். வாங்கும் நேரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
14ஆம் தேதி. பெட்டி இன்றே வாங்கிவிடுகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.