டிஸ்கவரி போர்டுலயே இருக்கற சென்சார யூஸ் பண்ணலாமா, இல்ல தனி மாட்யூல் வாங்கணுமா?

கரண்ட்_கண்ணன்: எஸ்டிஎம்32எஃப்407 டிஸ்கவரி போர்டு (மைக்ரோகண்ட்ரோலர் கத்துக்கற போர்டு) வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு. பிடி12லேர்ந்து பிடி15 வரைக்கும் பின்ல இருக்கற நாலு எல்இடியும் எரியுது, பிஏ0 நீல பட்டனும் ஓகே. போர்டுலயே இருக்கற ஆக்சிலரோமீட்டர்தான் (சாய்வு, அசைவு அளக்கற சென்சார்) மண்டைய காய விடுது. பழைய வீடியோ ஒண்ணு பாத்து கோட் அடிச்சேன், ஹூ ஆம் ஐ ரெஜிஸ்டர்ல (சிப் தன்னோட அடையாள நம்பர சொல்ற இடம்) 0எக்ஸ்3பி வரணுமாம், எனக்கு 0எக்ஸ்3எஃப் வருது. சிப் டூப்ளிகேட்டா?

பிரெட்போர்டு_பாய்: இதுக்குத்தான் தம்பி போர்டுல ஒட்டி வர்றத நம்பாதன்னு தொண்டை கிழிய கத்தறேன். எம்பியூ6050னு தனி சென்சார் மாட்யூல் ஒண்ணு வாங்கி நாலு ஒயர்ல மாட்டு, நாளைக்கு வேற போர்டுக்கு போனாலும் சென்சார் உன்கூடவே வரும்.

ரெஜிஸ்டர்_ராசு: டூப்ளிகேட்லாம் இல்ல கண்ணா. 0எக்ஸ்3பி-னா எல்ஐஎஸ்302டிஎல், 0எக்ஸ்3எஃப்-னா எல்ஐஎஸ்3டிஎஸ்ஹெச். எம்பி997சி ரிவிஷன்லேர்ந்து சிப்ப மாத்திட்டாங்க, போர்டுலயே நம்பர் அச்சடிச்சிருக்கும் பாரு. ஒயரிங் அதேதான், கிளாக்கும் டேட்டாவும் பிஏ5, பிஏ6, பிஏ7, சிப்ப கூப்பிடற செலக்ட் பின் பிஇ3. ஆனா பழசு 8 பிட், புதுசு 16 பிட், அதனால 0எக்ஸ்28 ரெஜிஸ்டர்லேர்ந்து ரெண்டு ரெண்டு பைட்டா படிக்கணும். பாய், புதுசா கத்துக்கறவன் கோட் தப்பா ஒயர் தப்பான்னு தெரியாம முழிப்பான், இங்க ஒயர் பிரச்சனையே கிடையாது, தப்புன்னா கோட்லதான்.

பிரெட்போர்டு_பாய்: ஒயர் பிரச்சனை இல்லயா 😂 பிஏ4, பிஏ5 ரெண்டும்தான் மெயின் சிப்போட டிஏசி (டிஜிட்டல அனலாக்கா மாத்தற) அவுட்புட், ஒண்ணு ஆடியோ கோடெக்குக்கு (சவுண்டு சிப்) போகுது, இன்னொண்ணு இந்த சென்சாருக்கு போகுது. பிஏ9ல யூஎஸ்ஏஆர்டி1 (சீரியல் போர்ட்) போடலாம்னு பாத்தா அது யூஎஸ்பி விபஸ் (பவர்) லைன், 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உக்காந்திருக்கு, டேட்டா எப்டி போகும்? சரி பிபி6க்கு மாத்தலாம்னா அதுவும் கோடெக்கோட ஐ2சி (ரெண்டு ஒயர் டேட்டா லைன்). வாடகை வீட்டுல எல்லா ரூமுலயும் ஓனர் சாமான் இருக்கற கதைதான் இது.

ரெஜிஸ்டர்_ராசு: உவமை நல்லாத்தான் இருக்கு, ஆனா யூஏஆர்டிக்கு பிஏ2, பிஏ3 சும்மாதான கிடக்கு? பிடி4ஐ லோ பண்ணா கோடெக் ரீசெட்ல போயிடும், பிஏ4ஐ நீங்க எடுத்துக்கலாம். இதெல்லாம் இந்த போர்டோட யூஎம்1472 மேனுவல்ல எந்த பின் எதுக்கு போகுதுன்னு டேபிளாவே இருக்கு, யாரும் திறந்து பாக்கறதில்ல, பின்ன போர்ட திட்டறது.

பிரெட்போர்டு_பாய்: ப்ராடக்ட் பண்ணும்போது இந்த போர்டா உள்ள போகும்? அப்போ எப்டியும் ஒயர் இழுத்துதான ஆகணும், அத இப்பவே பழகட்டுமே.

ரெஜிஸ்டர்_ராசு: அவன் எல்இடி தாண்டி ரெண்டாவது ப்ரோக்ராம் எழுதறான், நீங்க ப்ராடக்டுக்கு போயிட்டீங்க.

கரண்ட்_கண்ணன்: அண்ணே வந்துருச்சு!! 16 பிட்டா படிச்சதும் போர்ட மேசைல தட்டையா வெச்சா இசட் 16 ஆயிரத்து சொச்சம் காட்டுது, கவுத்தா மைனஸ். சாய்க்கற பக்கத்து எல்இடி எரியற மாதிரி பண்ணிட்டு இருக்கேன். பாய் அண்ணா, அந்த எம்பியூ மாட்யூலும் வாங்கலாம்னு இருக்கேன், ஐ2சி எந்த பின்ல போடறது?

பிரெட்போர்டு_பாய்: பிபி10, பிபி11. போட்டுத் தொலைக்காத, அதுல பிபி10 போர்டுல இருக்கற மைக்கோட கிளாக். இப்ப புரியுதா ராசு?

ரெஜிஸ்டர்_ராசு: மைக்க அவன் யூஸ் பண்ணவே இல்லயே பாய்.