பட்டனை ஒருமுறை அழுத்தினால் சிடி4017 இரண்டு மூன்று எல்இடி தாவுகிறது

கேள்வி:
5 வோல்ட்டில் சிடி4017 (ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஓர் அவுட்புட் நகரும் கவுண்டர் ஐசி), பத்து எல்இடி. கிளாக் உள்ளீடான 14-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே டாக்ட் சுவிட்ச் (சிறிய அழுத்து பட்டன்), பிளஸ்ஸிலிருந்து 14-க்கு 10கே புல்-அப் ரெசிஸ்டர். 13, 15 பின்கள் இரண்டும் கிரவுண்டில். ஒரு அழுத்துக்கு ஒரு எல்இடிதான் நகர வேண்டும், சில நேரம் மூன்று தாவுகிறது. சுவிட்சுக்குக் குறுக்கே 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர் போட்டேன். குறைந்தது, நிற்கவில்லை. இன்னும் பெரிய கெப்பாசிட்டர் போட்டால் போதுமா?

பதில் 1:
10கே, 104 சேர்ந்தால் கால மாறிலி (கெப்பாசிட்டர் சுமார் 63% ஏற எடுக்கும் நேரம்) 1 மில்லி செகண்ட்தான். சுவிட்சின் தகடு துள்ளும்போது அவ்வளவு நேரம் திறந்திருந்தாலே மின்னழுத்தம் பாதிக்கு மேல் ஏறிவிடும், அது இன்னொரு கிளாக் ஆகலாம். 1 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். ஆனால் நேரே சுவிட்சுக்குக் குறுக்கே வேண்டாம்: அழுத்தியதும் சார்ஜ் முழுவதும் கான்டாக்ட் வழியே ஒரேயடியாகப் பாய்ந்து அதை அரிக்கும். புல்-அப்பும் சுவிட்சும் சேரும் இடத்திலிருந்து இன்னொரு 10கே, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்குக் கெப்பாசிட்டர். அழுத்தும்போது 10, விடும்போது 20 மில்லி செகண்ட் கால மாறிலி கிடைக்கும். அந்த மறுமுனையை 74ஹெச்சி14-இன் (ஆறு ஷ்மிட் ட்ரிக்கர் இன்வெர்ட்டர் உள்ள ஐசி) 1-ஆம் பின்னுக்குக் கொடுத்து, 2-ஆம் பின்னை 4017-இன் 14-க்கு. மீதி உள்ளீடுகள் 3, 5, 9, 11, 13 கிரவுண்டுக்குப் போகவேண்டும், அந்தரத்தில் விடாதீர்கள். 9 வோல்ட் என்றால் 74ஹெச்சி14 தாங்காது, அதே பின் வரிசையுள்ள சிடி40106 போடுங்கள்.

பதில் 2:
ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வைப்பு சரி. ஆனால் இந்த ஐசிக்கு 74ஹெச்சி14 தேவையே இல்லை. சிடி4017-இன் கிளாக் உள்ளீட்டிலேயே ஷ்மிட் ட்ரிக்கர் (ஏற ஒரு மட்டம், இறங்க வேறு மட்டம் வைத்து மாறும் சுற்று) இருக்கிறது, மெதுவாக ஏறும் சிக்னலையும் ஒரே கிளாக்காக எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது கிளாக் மின்னழுத்தம் ஏறும்போதுதான் எண்ணும். புல்-அப் வைத்தால் விரலை எடுக்கும்போதுதான் எல்இடி நகரும். அழுத்தும்போதே நகர, சுவிட்சை 5 வோல்ட் பக்கமும் முதல் 10கேவை கிரவுண்ட் பக்கமும் மாற்றுங்கள். எலக்ட்ரோலிட்டிக் என்றால் பிளஸ் கால் 14-ஆம் பின் பக்கம். கிளாக் உள்ளீட்டில் ஷ்மிட் இல்லாத ஐசிக்கு மேலே சொன்ன 74ஹெச்சி14 கட்டாயம்.

பதில் 1:
உண்மை, 4017-க்கு அது மிகை. ஐசியின் சப்ளை பின்களான 16, 8-ஐ ஒட்டி ஒரு 104 போட மட்டும் மறந்துவிடாதீர்கள். நான்கு கால் டாக்ட் சுவிட்சில் எதிரெதிர் மூலைக் கால்களை எடுங்கள், கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருக்கும்.

பதில் 3:
மூன்று கால் சேஞ்ச்-ஓவர் பட்டன் கிடைத்தால் கெப்பாசிட்டரே வேண்டாம். நடுக்கால் கிரவுண்ட், மற்ற இரண்டுக்கும் தலா 10கே புல்-அப், சிடி4011-இன் இரண்டு நான்ட் கேட்டுகளைக் குறுக்காகக் கட்டி லாட்ச் (கடைசி நிலையைப் பிடித்து வைக்கும் சுற்று). நடுத்தகடு எதிர்ப்பக்கம்வரை துள்ளிப் போகாது, அதனால் லாட்ச் முதல் தொடுகையிலேயே மாறி அப்படியே நிற்கும்.