வில்லும் நாயனமும்: கொடைக் காலத்துப் பிழைப்பு, பெரியவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டியவை (அனுபவப் பகிர்வு)

வில்லுப்பாட்டு, அம்பாசமுத்திரம் பக்கம்

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவர் குரலையும் நகைச்சுவையையும் சொல்வார்கள். புதிதாக வில்லு செட்டு (வில்லுப்பாட்டுக் குழு) கட்டுகிற தம்பிமார் கவனிக்க வேண்டியது அவர் நேரத்தை ஆண்ட விதத்தை. 1928-ல் நெல்லையை அடுத்த சத்திரப்புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து சென்னைக்குப் போனார். 2021-ல் பத்மஸ்ரீ, 2022 அக்டோபரில் மறைவு. விடிய விடியக் கொடையில் (ஊர்க் கோயில் திருவிழாவில்) பாடுகிற கலையைச் சபா மேடைக்கும் வானொலிக்கும் ஏற்ற அளவில் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். எந்த இடத்தில் பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு வர வேண்டும், பேச்சு எந்தச் சொல்லில் முடிந்தால் தாளம் தட்டுகிற குடம் சட்டென்று ஏறிக்கொள்ளும் என்று அவர் பதிவுகளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். பேச்சின் கடைசிச் சொல்லிலேயே அடுத்த பாட்டின் தாளம் இருக்கும்.

கொடையில் இந்தத் திறமைதான் சோறு போடும். சாமக்கொடை (நடுராத்திரிப் பூசை) தீபாராதனை ராத்திரி 12 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். வில்லு 9 மணிக்குத் தொடங்கினால் காப்பு, குருவடி, அவையடக்கம் என்ற தொடக்கப் பாட்டுகள் எல்லாம் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். நாட்டு வளம் ஒரு கால் மணி நேரம். சாமி பிறப்பு 10 மணிக்குள், வளர்ப்பும் வரம் வாங்குவதும் 11.30 வரை. கடைசி அரை மணி நேரத்தை வரத்துப் பாட்டுக்கென்று (சாமியை வரவழைக்கும் பாட்டு) தொடாமல் வைத்திருக்க வேண்டும். பூசை சொன்ன நேரத்துக்கு நடக்காது. அதற்காக இழுக்கத் தோதான இரண்டு இடங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று நாட்டு வளம், இன்னொன்று வரம் வாங்கும் கட்டம். அங்கே இடத்தே பாடுகிறவர் கேள்வி போட, வலத்தே பாடுகிறவர் பதில் சொல்ல, அரை மணி நேரம் ஓடினாலும் கதை ஓரடி நகராது.

இதில் தவறினால் என்ன ஆகும்? படையல் விரிக்கும் முன்பே வரத்து பாடிவிட்டால் சாமியாடிக்கு அருள் வந்துவிடும். பூசாரி தயாராக இருக்க மாட்டார், கொடைக்கு வரி கொடுக்கிற வரிதாரர் முகம் சுண்டிப்போகும். அடுத்த வருஷம் அந்த ஊர் நமக்குக் கிடையாது. அச்சாரம் வாங்குகிற அன்றைக்கே பூசாரியிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: எந்த சாமிக்கு எந்தக் கதை, பீடங்களில் எது துடியான (உக்கிரமான) சாமி, சாமியை அழைக்கும் குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை ஆகிய மூன்றில் வில்லு எதெதற்கு. ஒரே சுடலைமாடன் கதையை ஊருக்கு ஊர் வேறு மாதிரி முடிப்பார்கள். அந்த ஊர் வழக்கத்தை மீறி நாம் படித்த ஏட்டைப் பாடினால் பெரியவர்கள் நடுவிலேயே எழுந்து திருத்துவார்கள்.

துட்டு விஷயம். கணக்குப் புரிய ஓர் உதாரணம் சொல்கிறேன், இது சந்தை விலை அல்ல. ஏழு பேர் செட்டு, பேசியது 35,000. வேன், வழிச்சாப்பாடு 5,000. மீதி 30,000-ஐ எட்டுப் பங்கு போடுங்கள். ஏழு பங்கு ஆளுக்கு, எட்டாவது பங்கு வில், குடம், உடுக்கு பராமரிப்புக்கு. ஆளுக்கு 3,750 வரும். வருஷத்துக்கு 50 ராத்திரி கிடைத்தால் 1,87,500, மாதக் கணக்கில் 15,625. பங்குனி உத்திரம் தொடங்கிச் சித்திரை, வைகாசி, பிறகு ஆடி, ஆவணி என்று நெருக்கிக்கொண்டு வரும். மற்ற மாதங்கள் காய்ந்து கிடக்கும். கொடைகள் பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியுமாகவே விழுவதால் ஆடியில் ஒரே செவ்வாய்க்கு நான்கு ஊர் கேட்கும், புதன்கிழமை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் "வருஷம் 100 ராத்திரி" என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள்.

மேடையில் வருகிற அன்பளிப்பை மைக்கில் தொகையோடு சொல்லி, ஒரே தட்டில் போட்டு, காலையில் எல்லோரும் பார்க்கப் பிரிக்க வேண்டும். நல்ல செட்டுகள் உடைவது சம்பளத்தால் அல்ல, இந்தத் தட்டால்தான்.

நாதசுரம், சேரன்மகாதேவி பக்கம்

அண்ணாச்சி வில்லைச் சொன்னார், நான் நாயனம் என்கிற நாதசுரத்தைச் சொல்கிறேன். காருகுறிச்சி எங்கள் பக்கத்து ஊர். அந்த ஊர் நாதசுர வித்துவான் அருணாசலம் பிள்ளை 1921-ல் பிறந்து 1964-ல் போய்விட்டார், 43 வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. கடைசி வரை கோவில்பட்டியில் வாழ்ந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் இரண்டாவது நாயனமாக வாசித்தவர் என்பதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். பிழைப்புக்கு அதுதான் முக்கியமான பாடம். இரண்டாவது நாயனத்தின் வேலை, முதல் நாயனம் மூச்செடுக்கிற இடத்தில் சுரம் அறாமல் தாங்குவது. எந்த இடத்தில் அவர் மூச்செடுப்பார் என்று ஒரு ஆவர்த்தனத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்படி வருஷக்கணக்கில் தாங்கினால்தான் தானாக வாசிக்கும்போது ராகத்தில் நெடுமூச்சு நிற்கும். இன்றைக்கு இரண்டாவது நாயனத்துக்கு ஆள் கிடைப்பது அரிது. தம்பிமார் முதலில் அங்கே உட்காரக் கூச்சப்படாதீர்கள், எந்தப் பருவத்திலும் கூப்பிடுவார்கள்.

காருகுறிச்சியார் பதிவுகளைக் கேட்கும் முறை: முதல் நாள் சும்மா கேளுங்கள். மறுநாள் தாளில் மூச்சு எடுக்கும் இடங்களை மட்டும் கோடு போடுங்கள். மூன்றாம் நாள் முக்கால் வேகத்தில் ஓட்டி, எந்தச் சுரம் நாக்குத் தட்டி வருகிற துத்துக்காரம், எது விரலால் மட்டும் வழுக்கி வருகிற அகாரம் என்று பிரியுங்கள். அவர் ஆலாபனையில் இந்த இரண்டும் எவ்வளவு மெல்லப் பிணைகின்றன என்று அப்போதுதான் தெரியும். ஓர் எச்சரிக்கை. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவுகளின் சுருதியை நம்பிச் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) வைக்காதீர்கள். தட்டு சுற்றிய வேகம் கொஞ்சம் கூடினாலும் அரைக்கட்டை ஏறிவிடும். சுருதிப்பெட்டியைப் பதிவோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட வாசிக்க வேண்டும்.

1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகி அம்மா பாட்டுக்கு அவர் வாசித்த ஆபேரியை எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்பார்கள். அதை வாசிக்காமல் தப்ப முடியாது. பாட்டை மட்டும் வாசித்துவிட்டு இறங்காமல் முன்னால் மூன்று நிமிடம் ஆபேரி ஆலாபனை போடுங்கள். கேட்டவருக்கு அவர் கேட்டது கிடைக்கும், நமக்கு நம் ராகம் கிடைக்கும். கூட்டத்தில் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், அடுத்த முகூர்த்தம் அவர்களிடமிருந்து வரும்.

சீவாளிதான் பாதி உயிர். குறைந்தது ஆறு வைத்திருங்கள்: பழகியது மூன்று, பாதி பழகியது இரண்டு, புதியது ஒன்று. புதியதை நேராக மேடைக்குக் கொண்டுபோனால் முதல் அரை மணியில் அடைத்துக்கொள்ளும். பத்து நாளாவது வீட்டில் தினம் கால் மணி ஊதிப் பழக்க வேண்டும். வாய் அகன்று போனால் ஊத மூச்சு அதிகம் வேண்டும், சுருதி இறங்கும். ஒட்டிக்கொண்டால் சத்தம் மெலிந்து சுருதி ஏறும். அகன்றதை நனைத்து விரலிடுக்கில் மெல்ல அமுக்கிச் சரிசெய்யலாம், காய்ந்த நிலையில் அமுக்கினால் பிளந்துவிடும். நம் பக்கத்து ஆடிக் காற்று பொல்லாதது. சமவெளியில் இரண்டு பாட்டுக்கு இடையே சீவாளி காய்ந்துவிடும். அதே நாளில் தென்காசி, குற்றாலம் பக்கம் போனால் சாரலில் ஊறி இறங்கும். ஒரே சீவாளியோடு இரண்டு ஊருக்கும் போகிறவர் தவுல்காரரிடம் பேச்சு வாங்குவார்.

புரட்டாசியில் வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டுகிற குழுக்கள் மேளத்தைத் தேடும். அங்கே சுருதி உயர்ந்த, குட்டையான திமிரி நாயனம்தான் எடுபடும். வெட்டவெளி, பக்கத்திலேயே பம்பை, உறுமி. நீளமான பாரி நாயனத்தின் கனத்த நாதம் அந்த இரைச்சலில் அமுங்கிப் போகும். கச்சேரிக்குப் பாரி, தெருவுக்குத் திமிரி என்று இரண்டும் வைத்திருப்பது செலவுதான், ஆனால் அந்த மாதமே திரும்ப வந்துவிடும்.

ஒலிப்பதிவு, பாளையங்கோட்டை

பெரும்பாலான கொடை வீடியோக்கள் கெடுவது ஒரே காரணத்தால். போனை நாயனத்தின் அணசுக்கு (அகன்ற அடிவாய்க்கு) நேராக நீட்டுகிறார்கள். நாயனத்தின் சத்தம் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசு முன்னால் வைத்தால் கிழிந்த சத்தம்தான் பதிவாகும். போன் என்றால் 10, 12 அடி தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். மைக் என்றால் துளைகளைப் பார்த்து ஒன்றரை அல்லது இரண்டு அடி. அளவை -12 டெசிபலுக்கு மேல் போகவிடாதீர்கள், தவுல் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) ஓர் அடி விழுந்தால் மீட்டர் எகிறும்.

வில்லுக்கு வேறு தொல்லை. ஊர் ஒலிபெருக்கி குழாய் ஸ்பீக்கராக இருந்தால் அதில் கீழ்ச்சுருதி ஏறாது, குடத்தின் 'கும்' காணாமல் போய் வில்மணி மட்டும் கலகலவென்று கேட்கும். செட்டுக்காரரிடம் ஒரு பெட்டி ஸ்பீக்கராவது கேட்டு வாங்குங்கள். குடத்து மைக் வாய்க்கு நேர்மேலே இருந்தால் குடத்தைத் தட்டும் பத்தி (மட்டை) அடிக்கிற காற்று அறையும். வாயின் விளிம்பிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சாய்த்து வைத்தால் சரியாக வரும்.

இணையத்தில் போட்டுச் சம்பாதிக்கலாம் என்கிறவர்களுக்கு: யூடியூபில் விளம்பர வருமானம் தொடங்க 1,000 சந்தாதாரர், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். சினிமாப் பாட்டு வாசித்துப் போட்டால் உரிமை கோரல் வரும், வருமானம் உரிமைக்காரருக்குப் போகும். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, உண்மையான மதச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டை வாசிப்பதை மீறல் ஆக்காது. ஆகவே கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிக்கப் பயப்பட வேண்டாம். அதே வாசிப்பைப் பதிவுசெய்து வலையேற்றுவது வேறு சங்கதி, அதற்கு இந்த விலக்கு பொருந்தாது. இசையமைத்தவர், எழுதியவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். கொடைக் கதை, மல்லாரி (கோயில் ஊர்வல இசை), நீங்களே கட்டிய மெட்டு, இவற்றைப் போடுங்கள். சாமியாடுகிறவர் முகம் தெரிகிற காட்சியை வரிதாரர்களிடமும் அவரிடமும் கேட்காமல் போடவே கூடாது. ஊர் வழக்கப்படி அது பெரிய மனத்தாங்கல்.

தவில், தென்காசி

சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை எல்லோரும் எடுத்துவிடுங்கள். தனி ஆளாக எடுக்க வேண்டும், செட்டுத் தலைவர் பேரில் மட்டும் இருந்தால் மற்ற ஆறு பேருக்கும் ஒன்றும் கிடையாது. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட விருதுக்கு 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி என்று வயதுக்கேற்ற பிரிவு இருக்கிறது. நிகழ்ச்சிப் பத்திரிகை, நோட்டீஸ், படங்களைத் தேதியோடு ஒரு ஃபைலில் சேர்த்து வைக்காதவர்களால் விண்ணப்பிக்கவே முடியாமல் போகிறது. திருநெல்வேலி வானொலியில் குரல்தேர்வில் தேறிப் பி கிரேடு வாங்கினால்கூட நோட்டீஸில் போட்டுக்கொள்ளலாம், பேசுகிற சம்பளத்தில் அது தெரியும்.

பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களுக்கு: திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம், தவில் இரண்டும் மூன்றாண்டுப் படிப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தால் இந்த இரண்டுக்கும் சேர்ந்துவிடலாம்.

புதியவர், வள்ளியூர்

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி, குடம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எங்களுக்கு ஒரே பருவத்தில் மூன்று குடம் போய்விட்டது. பனி நேரத்தில் வில் நாணும் தொய்ந்துவிடுகிறது.

வில்லுப்பாட்டு, அம்பாசமுத்திரம் பக்கம்

தம்பி, தண்ணிக் குடம் வேண்டாம். குயவரிடம் வில்லுக்கு என்று சொல்லி அடிப்பக்கம் கனமாக, கழுத்து குறுகலாக வனையச் சொல்லுங்க. நன்றாக வெந்திருக்கணும். விரல் முட்டியால் கழுத்துக்குக் கீழே மூன்று இடத்தில் தட்டிப் பாருங்க. மூன்றிலும் ஒரே மாதிரி 'ணங்' என்று வரணும். ஓரிடத்தில் 'டப்' என்றால் மயிரிழை விரிசல் உண்டு, வில்லைக் கட்டி இறுக்கும்போது அந்த இடத்தில்தான் விடும். பெரும்பாலும் குடம் உடைவது மேடையில் இல்லை, வேனில். சாக்குக்குள் வைக்கோல் திணித்து, குடத்தின் வாயிலும் வைக்கோல் அடைத்து, ஆள் மடியில் வைத்துக் கொண்டுபோங்க. எப்போதும் இரண்டு குடம். மேடையில் பிரிமணை புது வைக்கோலில் திரித்ததாக இருக்கணும், பழசு நசுங்கிக் குடம் தரையைத் தொட்டால் சத்தம் செத்துப்போகும்.

நாண் தோல்தானே, பனி குடித்தால் தொய்யத்தான் செய்யும். சாயந்தரமே முழுக்க இறுக்கிவிடாதீங்க, ராத்திரி 1 மணிக்கு மேல் இறுக்க இடம் இருக்காது. தொடக்கத்தில் கொஞ்சம் விட்டுக் கட்டி, சாமக்கொடை முடிந்த இடைவேளையில் ஒருதரம் இறுக்குங்க. நெருப்பில் காட்டுவதென்றால் ஒரு முழம் தள்ளி, கையைத் தடவிக்கொண்டே காட்டணும். ஒரே இடத்தில் சூடு பட்டால் அங்கே தோல் சுருங்கிக் கட்டியாகும், பிறகு வில்லை அடிக்கும் வீசுகோல் பட்ட இடத்தில் அறும். உடுக்குக்கும் இதே கணக்குதான். ஆனால் அதைக் கக்கத்தில் இடுக்கி வைத்திருந்தாலே போதுமான சூடு கிடைக்கும்.