கறுப்பு, சிவப்பு, ஊதாத் தானியங்களின் நிறமிகளால் உடலுக்கு உண்மையில் என்ன பயன்?

கேள்வி: மணிக்கதிர்

கறுப்பு அரிசி, சிவப்பு அரிசி, ஊதாக் கோதுமை, ஊதா மக்காச்சோளம் ஆகியவற்றைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் அனைத்தும், அவற்றுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், இதயத்தைக் காக்கும், புற்றுநோயைக்கூடத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்கின்றன. சான்று எங்கே என்று தேடினால், சோதனைக்குழாயில் அளந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைக் காட்டியதோடு பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன.

இந்தத் தானியங்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே நிறமிதானா? சமைத்த பிறகு அதில் எவ்வளவு எஞ்சும்? உண்டபின் அது உடலுக்குள் சேர்கிறதா? வீட்டில் நீரிழிவு உள்ளவர் ஒருவர் இருப்பதால், விளம்பரத் தொனி இல்லாத விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 1: தவிட்டடுக்கு

உணவு வேதியியல் படித்தவள் என்ற முறையில் உங்கள் முதல் இரண்டு ஐயங்களுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

நிறமி ஒன்றல்ல. கறுப்பு அரிசியில் மிகுதியாக இருப்பது சயனிடின்-3-குளுக்கோசைடு. அதற்கு அடுத்த நிலையில் பியோனிடின்-3-குளுக்கோசைடு இருக்கிறது. இவை இரண்டும் ஆந்தோசயனின்கள். சிவப்பு அரிசியின் நிறத்துக்கு முதன்மைக் காரணம் புரோஆந்தோசயனிடின் எனப்படும் டானின் வகைச் சேர்மங்கள். ஆகவே கறுப்பு அரிசியை வைத்துச் செய்த ஆய்வின் முடிவைச் சிவப்பு அரிசிக்கும் சேர்த்து எழுதுவது தவறு. ஆனால் கட்டுரைகளில் இது அன்றாடம் நடக்கிறது. ஊதாக் கோதுமையில் நிறமி வெளிப்புறக் கனியுறையில் தங்குகிறது; நீலக் கோதுமையில் அதற்கும் உள்ளே உள்ள அலூரோன் அடுக்கில், பெரும்பாலும் டெல்ஃபினிடின் வகையாகக் காணப்படுகிறது. சோளத்தில் உள்ள 3-டியாக்சி ஆந்தோசயனிடின்கள் பிற முதன்மைத் தானியங்களில் அரிதானவை. வெப்பத்தையும் காரத்தன்மையையும் மற்ற ஆந்தோசயனின்களைவிட நன்றாகத் தாங்குபவை. மஞ்சள் மக்காச்சோளம் முற்றிலும் வேறு குடும்பம்: லூட்டீன், சியாசாந்தின் முதலிய கரோட்டினாய்டுகள் அதில் உள்ளன. இவை கொழுப்பில் கரைபவை. மணியின் உள்ளே, மாவுப்பகுதியிலேயே இருப்பதால் தவிட்டை நீக்கினாலும் மஞ்சள் நிறம் போவதில்லை.

(வெள்ளை அரிசி ரகங்களில் மிகப் பலவற்றின் தவிடு சிவப்பாக இல்லாமற் போனதற்கு, ஆர்சி என்ற மரபணுவில் 14 கார இணைகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) விடுபட்டதே காரணம். நெல்லின் காட்டு மூதாதைக்குச் சிவப்புத்தான் இயல்பான நிறம்.)

ஆந்தோசயனினும் டானினும் மணியின் வெளி அடுக்குகளில்தான் இருக்கின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கறுப்பு அரிசியைத் தீட்டினால் உள்ளே இருப்பது வெள்ளை அரிசியே.

சமையலில் இரண்டு வழிகளில் இழப்பு நேர்கிறது. ஆந்தோசயனின் நீரில் கரையும் என்பதால், நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் நிறமியில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். நீர் முழுவதும் தானியத்திலேயே வற்றும்படி சமைத்தால் இந்த இழப்பு இல்லை. வெப்பத்தால் நேரும் சிதைவை மட்டும் முழுமையாகத் தவிர்க்க முடியாது. அமில ஊடகத்தில் இந்நிறமி சிவந்து நிலையாக இருக்கும். ஆப்பச் சோடா போன்ற காரப்பொருள் சேரும்போது நீலமாகவும் பச்சையாகவும் மாறி விரைவில் சிதைந்துவிடும். வெப்பத்தில் சிதையும் சயனிடின்-3-குளுக்கோசைடிலிருந்து புரோட்டோகேட்டிக்யூயிக் அமிலம் என்ற பீனாலிக் அமிலம் உண்டாகிறது. இந்தப் பெயர் அடுத்து எழுதுபவருக்கும் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2: ஊட்டவியலர்

ஆம், அந்த அமிலத்தின் பெயர் தேவைப்படுகிறது. ஆந்தோசயனின் மூலவடிவத்திலேயே இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. உண்ட ஓரிரு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து விரைவில் மறைந்துவிடுகிறது. இதை வைத்துத்தான் ஒரு காலத்தில் இந்நிறமியின் பெரும்பகுதி பயன்படாமலே வெளியேறிவிடுகிறது என்று கருதப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கார்பன்-13 (உடலுக்குள் பின்தொடர உதவும் சற்றுக் கனமான கார்பன்) அடையாளமிட்ட சயனிடின்-3-குளுக்கோசைடு 500 மில்லிகிராம் அளவில் எட்டு ஆண்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, அந்தக் கார்பனில் சுமார் 12 சதவீதம் சிறுநீரிலும் மூச்சுக்காற்றிலும் கண்டறியப்பட்டது. அதாவது, அந்த அளவேனும் உடலுக்குள் சென்று வெளியேறியிருக்கிறது. இரத்தத்தில் காணப்பட்டவற்றில் மிகுதி நிறமி அல்ல, குடல் நுண்ணுயிரிகளும் நம் உடலும் சேர்ந்து சிதைத்து உருமாற்றிய, புரோட்டோகேட்டிக்யூயிக் போன்ற பீனாலிக் அமிலங்கள். ஆகவே தட்டில் காணும் கறுப்பு ஒன்று, இரத்தத்தில் சுற்றும் சேர்மம் வேறொன்று. சோதனைக்குழாயில் மூலநிறமியை வைத்து அளந்த எண்ணை உடலுக்கு அப்படியே பொருத்த இயலாததற்கு இதுவே காரணம். அமெரிக்க வேளாண்மைத் துறை தான் வெளியிட்டிருந்த ‘ஓராக்’ எனப்படும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மதிப்புகளின் பட்டியலை 2012-இல் தளத்திலிருந்து விலக்கிக்கொண்டது. அந்த எண்கள் மட்டும் இன்றும் பொட்டல உறைகளில் வலம்வருகின்றன.

நீங்கள் கேட்ட நீரிழிவில், உறிஞ்சப்படாமலே பயன்தரக்கூடிய ஒரு வழி இருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசைடேஸ் ஆகிய நொதிகளைக் குடலுக்குள்ளேயே இச்சேர்மங்கள் ஓரளவு தடுக்கக்கூடும். சோளத்தின் டானின்கள் மாவுச்சத்தோடு பிணைந்து அது செரிக்கும் வேகத்தைக் குறைப்பதும் ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. இதை நான் நம்பத்தகுந்த வழியாகக் கருதுகிறேன். ஆனால் வழி இருப்பதும், ஒரு வேளை உணவில் அதன் விளைவு கணிசமாக இருப்பதும் ஒன்றல்ல.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களுக்கு உட்பட்டவை. அவற்றைப் படிக்கும்போது எதனோடு எது ஒப்பிடப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். தீட்டாத கறுப்பு அரிசியைத் தீட்டிய வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால், நிறமி மட்டுமல்லாமல் நார்ச்சத்து, மெக்னீசியம், பி வகை வைட்டமின்கள், மெல்லும் நேரம் எல்லாமே மாறுகின்றன. கிடைத்த நன்மையை நிறமியின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. தீட்டாத பழுப்பு அரிசியோடு ஒப்பிட்டால்தான் நிறமியின் தனிப் பங்கு தெரியும். முழுத் தானியம் உண்போருக்கு இதய நோய், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை குறைவாகக் காணப்படுவதற்குப் பெரிய அளவிலான நீண்டகால ஆய்வுகளின் ஆதரவு உண்டு. நிறமிக்கென்று அந்த வலுவான சான்று இல்லை. புற்றுநோயைத் தடுக்கும் என்பது செல் வளர்ப்பையும் எலிகளையும் தாண்டாத பேச்சு.

மறுமொழி 3: உலைநீர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். இருவரும் நன்மையின் பக்கத்தையே பேசியதால் மறுபக்கத்தையும் சேர்க்கிறேன்.

டானினும் பிற பாலிபீனால்களும் தாவர உணவிலுள்ள இரும்பைப் பிணைத்து, அது உடலில் சேர்வதைக் குறைக்கின்றன; தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் இதையே செய்கிறது. டானின் மிகுந்த சோளத்தில் புரதத்தின் செரிமானமும் குறைகிறது. பலவகை உணவு உண்பவருக்கு இது பெரிய சிக்கலன்று. இரத்தசோகை உள்ளவர்களும், ஒரே தானியத்தையே நம்பியிருக்கும் சிறு குழந்தைகளும் கவனிக்க வேண்டும். அதே வேளையில் வைட்டமின் சி உள்ள காய்கனிகளைச் சேர்த்தால் இரும்பு உறிஞ்சப்படுவது மேம்படும்.

அரிசிக்கு மட்டும் உரிய இன்னொன்று: கனிம ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருக்கும் இடத்தில் விளைந்த நெல்லில், அது வெளி அடுக்குகளிலேயே அதிகம் சேர்கிறது. நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஆர்செனிக்கின் ஒரு பகுதி வெளியேறும். நிறமியும் கூடவே வெளியேறும். இரண்டையும் ஒரே பானையில் பெற முடியாது. நிறமிக்காக நீரை வற்றவைப்பவர், மூன்று வேளையும் அரிசியாக இல்லாமல் கோதுமை, வாற்கோதுமை, சோளம் எனத் தானியத்தை மாற்றிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

மணிக்கதிர் (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. நீரிழிவு உள்ளவர் ஏற்கெனவே தீட்டாத பழுப்பு அரிசியை உண்டு வருகிறார். அவர் கறுப்பு அரிசிக்கு மாறினால் சர்க்கரையில் வேறுபாடு தெரியுமா?

மறுமொழி 4: ஊட்டவியலர்

பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம். எந்த நிறமானாலும் சமைக்காத அரிசியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்துத்தான். எவ்வளவு உண்கிறார், உடன் எவ்வளவு காயும் பருப்பும் சேர்க்கிறார் என்பவையே சர்க்கரையை மிகுதியாகத் தீர்மானிக்கும். சுவை பிடித்திருந்தால் மாறட்டும், தடையில்லை. மாறும் நாட்களில் அளவைக் கூட்டாமல், உண்பதற்கு முன்பும் உண்ட இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையை அளந்து, பழுப்பு அரிசி உண்ட நாட்களின் அளவீடுகளோடு வைத்துப் பாருங்கள். எண்கள் குறைந்திருந்தாலும் மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.