மலைநடைக்கான ஆபத்துக்கால வெஸ்ட்: 19 பைகள் வைத்துத் தைத்தும் உதவவில்லை, எங்கே தவறு?

பொதிகைநடை எழுதியது

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஓர் ஓடையைக் கடந்தபோது எங்கள் குழுவில் ஒருவர் வழுக்கி விழுந்தார். முதுகுப்பையைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் அவரால் கரையேற முடிந்தது. பையோடு விளக்கு, மழைக்கோட்டு, மருந்து, கைப்பேசி எல்லாம் நீரோடு போயின. நாங்கள் ஏழு பேர் உடனிருந்ததால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. தனியாக இருந்திருந்தால் அந்த இரவை எப்படிக் கழித்திருப்பார் என்ற எண்ணம் மட்டும் என்னை விடவே இல்லை. ஆகவே, பை போனாலும் உடலை விட்டுப் போகாத ஒரு வெஸ்ட்டை (கையில்லாத மேலுடை) நானே வரைந்து, திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன்.

துணி 1000 டெனியர் (இழையின் தடிமனைக் குறிக்கும் அளவு) நைலான், உட்புறம் நீர் புகாத பாலியூரித்தேன் பூச்சு உள்ளது. முன்னும் பின்னும் உள்ளுமாக 19 பைகள். எல்லாவற்றுக்கும் வெல்க்ரோ மூடி. நீளம் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை. உள்ளே வைத்தவை: மடக்குக் கத்தி, பெரிய கத்தி ஒன்று, இரண்டு லைட்டர், தீக்கல், தூண்டில் நூலும் முள்ளும், பாம்புக்கடிக்கு நஞ்சு உறிஞ்சும் பம்பு, ரப்பர் கட்டு, வெள்ளித்தாள் போர்வை, விசில், கண்ணாடி, தலைவிளக்கு, நீர் சுத்திகரிப்பு மாத்திரை, கயிறு, ஒரு லிட்டர் நீர், உலர்பழம், திசைகாட்டி. மொத்த எடை 3.8 கிலோ.

ஜனவரியில் அகத்தியர்கூடம் மலைக்குப் போனபோது இதை அணிந்திருந்தேன். மலைநடை தொடங்கும் போனக்காட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு மணி நேரத்திலேயே கழுத்தும் தோளும் வலிக்கத் தொடங்கின. முதுகு முழுவதும் வியர்வையில் ஊறிப்போனது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை இறுக்கினால் கீழ்ப்பைகளில் இருந்தவை எலும்பில் அழுந்தின. மறுநாள் சிகரத்துக்கு ஏறும்போது கயிற்றைப் பிடித்து ஏறும் பாறைகளில் நெஞ்சுப் பைகள் பாறையில் இடித்து என்னை வெளியே தள்ளின. இறங்கும்போது நிலைமை இன்னும் மோசமாயிற்று. நெஞ்சு புடைத்திருந்ததால் என் பாதம் எங்கே படுகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. காப்பாற்ற வேண்டிய உடையே என்னைத் தள்ளிவிட்டுவிடுமோ என்று அங்கே உண்மையாகவே அஞ்சினேன். இதை எப்படித் திருத்துவது? எடையைக் குறைக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் எதை விடுவது என்று முடிவு செய்ய முடியவில்லை.

சோலைவழி எழுதியது

தம்பி, பட்டியலில் எதை விடுவது என்று தேடுவதற்கு முன்னால், இந்த வெஸ்ட் எந்த இரவுக்காக என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இவ்வகை உடை விமானிகளுக்காக உருவானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வான்படை சி-1 என்ற வெஸ்ட்டை வைத்திருந்தது. வியட்நாம் போரில் எஸ்.ஆர்.யூ-21 என்ற வலைத்துணி வெஸ்ட் வந்தது. விமானத்திலிருந்து குதிப்பவருக்கு உடலில் கட்டியிருப்பதைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. எதிரி நிலத்தில் பல நாள் மறைந்திருக்க வேண்டிய நிலையும் வரலாம். தூண்டிலும் தீக்கல்லும் அத்தகைய பட்டியல்களிலிருந்துதான் இன்றைய கடைப் பட்டியல்களுக்கு வந்திருக்கின்றன.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வழி தவறியவருடைய நிலை வேறு. அவர் பெரும்பாலும் ஓர் இரவு, கூடிப்போனால் இரண்டு இரவுகள், மழையும் காற்றும் மூடுபனியும் உள்ள சோலையிலோ புல்மேட்டிலோ ஈர உடையுடன் இருக்கப்போகிறார், கால் பிசகியிருக்கலாம், அவரைத் தேடிக் காலையில் ஆட்கள் வருவார்கள். மீன் பிடித்துத் தின்ன வேண்டிய நிலை அவருக்கு வராது. அவருக்கு வேண்டியவை நான்குதான்: உடல் வெப்பத்தைக் காப்பது, தான் இருக்கும் இடத்தைத் தெரிவிப்பது, வெளிச்சம், குடிநீர்.

இதில் தீ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். லைட்டரையும் தீப்பெட்டியையும் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அதைவிட முக்கியமான காரணம், காய்ந்த புல்மேட்டில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை நாம் 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பார்த்தோம். அந்தக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழைக்காலத்திலோ நனைந்த சோலையில் தீ எரியவே எரியாது. ஆகவே நம் ஊர் வெஸ்ட்டில் வெப்பத்துக்குத் தீயை நம்பக் கூடாது. உடலை மூடும் பையைத்தான் நம்ப வேண்டும்.

வெள்ளித்தாள் போர்வை காற்றில் படபடத்துக் கிழிந்துவிடும். அதற்குப் பதிலாக, ஆள் முழுதாக உள்ளே போகும் அளவுக்குக் கனமான ஆரஞ்சு நிறப் பாலித்தீன் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நுழைத்து மார்பு வரை இழுத்துக்கொண்டு, ஈரத் தரையில் படாமல் சருகுக் குவியலின் மேலோ கயிற்றுச் சுருளின் மேலோ உட்கார வேண்டும். மூச்சுவிடப் பையின் வாய் எப்போதும் திறந்தே இருக்கட்டும். இரவு முடிந்ததும் அதே ஆரஞ்சுப் பை தேடி வருபவர்களுக்குக் கொடியாகும்.

பெரிய கத்தி வேண்டாம். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சிறிய மடக்குக் கத்தியையும் நுழைவிடத்தில் காட்டிக் கேட்டுவிட்டே எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடி திறந்த பாறையில் வெயில் அடித்தால் மட்டும் உதவும், மர நிழலில் உதவாது. விசில் இரவிலும் மூடுபனியிலும் வேலை செய்யும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஒலி வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். உள்ளே உருண்டை இல்லாத விசிலாக வாங்குங்கள், உருண்டை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நீர், உலர்பழம் இரண்டும் முதுகுப்பையிலேயே இருக்கட்டும். வெஸ்ட்டில் மாத்திரையும் மடிக்கக்கூடிய காலி நீர்ப்பை ஒன்றும் போதும். இந்த மலைகளில் பெரும்பாலான மாதங்களில் ஓடையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை.

தையல்மேசை எழுதியது

வணக்கம். நான் திருப்பூரில் பைகளும் வேலை உடைகளும் தைக்கிறேன். தையலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் பிழை அளவெடுத்த விதத்தில் இருக்கிறது. வெஸ்ட்டை வெறும் உடம்பில் அளவெடுத்திருக்கிறார்கள். முதுகுப்பையை ஏற்றி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, அதன்பிறகு சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும். அப்படிச் செய்தால் முதுகு முழுவதும் பையின் இடம், தோளின் முன்பகுதி பட்டையின் இடம், இடுப்பு பெல்ட்டின் இடம், விலாப்பகுதி கை வீசும் இடம் என்று தெரிந்துவிடும். மிஞ்சுவது நடு ஜிப்புக்கு இரு பக்கமும் உள்ள குறுகலான இரண்டு பட்டைகள்தான்; சராசரி உடம்பில் ஒவ்வொன்றும் 12 முதல் 14 செ.மீ. அகலம் வரும். பைகள் அங்கு மட்டும்தான் வர வேண்டும். நீளம் இடுப்பு பெல்ட்டுக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். பையின் தடிமன் 3 செ.மீ. தாண்டினால் கீழே பார்க்க முடியாது. தடித்த பொருள் எதுவாக இருந்தாலும் அதை நெஞ்சில் வைக்காமல் வயிற்றுப் பக்கம் இறக்குங்கள்.

1000 டெனியர் துணி சாமான் மூட்டைக்கு ஏற்றது, உடம்புக்கு ஆகாது. பைகளுக்கு 500 டெனியர் போதும். முதுகும் பக்கங்களும் வலைத்துணியாக இருக்கட்டும். கண் பெரிதாக இருந்தால் உண்ணிச்செடியின் முள் மாட்டி இழுக்கும் என்பதால் மிகச் சிறிய கண் உள்ள வலையாகப் பார்த்து வாங்குங்கள். பாலியூரித்தேன் பூச்சு நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரிந்துவிடும். மேலும் அது உள்ளே வந்த நீரை வெளியே விடாது. பூச்சில்லாத துணியில் தைத்து, ஒவ்வொரு பையின் அடியிலும் ஓர் ஐலெட் (வளையமிட்ட துளை) அடித்தால், ஓடையில் விழுந்து எழும்போது நீர் தானாக வடிந்துவிடும். நனையக் கூடாதவற்றைத் தனித்தனி ஜிப்லாக் உறையில் வையுங்கள்.

வெல்க்ரோவில் புல்விதையும் நூலும் ஏறினால் பிடிக்காது. எண் 5 நைலான் காயில் ஜிப் (பல்லுக்குப் பதில் நைலான் சுருள் உள்ளது) போட்டு, அதை இழுக்கும் ரன்னரில் விரல் நுழையும் அளவுக்குக் கயிற்று வளையம் கட்டுங்கள். பையின் மேல் மூலைகள் இரண்டிலும் பார்டேக் (ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடும் பலத் தையல்) கட்டாயம் வேண்டும். அந்த இயந்திரம் இல்லாத கடையில் நெருக்கமான ஜிக்ஜாக் இரண்டு முறை ஓட்டச் சொல்லலாம். தோளில் தையலே வரக் கூடாது. முன்னிருந்து பின்னுக்கு ஒரே துண்டாக யோக் (தோளை மூடும் துணி) வெட்டினால், முதுகுப்பைப் பட்டைக்கு அடியில் தையல் அறுக்காது.

பொதிகைநடை எழுதியது

சோலைவழி அண்ணனுக்கும் தையல்மேசை ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தேன். என் 19 பைகளில் 13 பைகள் முதுகுப்பைக்கோ பட்டைக்கோ அடியில்தான் இருக்கின்றன.

மூன்று சந்தேகங்கள் மிஞ்சியிருக்கின்றன. முதலாவது, குரங்கணியை நினைக்கும்போது நைலான் உருகி உடம்பில் ஒட்டுமே என்ற கவலை. இரண்டாவது, இராணுவ வண்ணத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? மூன்றாவது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்துக்கொள்ளலாமா?

சோலைவழி எழுதியது

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். இந்தியாவில் உரிய அரசு அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியோ, கார்மின் இன்ரீச் போன்ற செய்திக் கருவியோ வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளே இதற்காகத் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். கைப்பேசியை நெஞ்சுப் பையில் விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லையென்றால் சிக்னலைத் தேடித் தேடியே மின்கலம் தீர்ந்துவிடும். மேட்டுக்கு வந்ததும் 112-ஐ அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அவசர அழைப்பு போகும்.

இராணுவ வண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள். தேடுபவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். வேட்டைக்காரர்களைத் தேடும் வனக்காவலருக்கு உங்கள்மீது ஐயமும் வரக் கூடாது. ஆரஞ்சு நிறம் மான்களை விரட்டிவிடும் என்று அஞ்ச வேண்டாம், மனிதரைப் போல அவற்றால் ஆரஞ்சையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

உருகும் துணி பற்றிய கவலை நியாயமானது. இதற்கு முழுமையான விடை கிடையாது. மழையில் பருத்தி நீரைப் பிடித்துக்கொண்டு உடலைக் குளிர வைக்கும். தீயில் நைலான் உருகும். மழைக்காலத்தில் உள்ளே செயற்கை இழைச் சட்டையோ கம்பளியோ போடுங்கள். பிப்ரவரி முதல் மழை இறங்கும் வரை வெஸ்ட்டுக்கு அடியில் முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் போகாமலிருப்பதை மட்டும் எந்தத் துணியாலும் ஈடு செய்ய முடியாது.

செவிலி_நீலகிரி எழுதியது

பாம்புக்கடிப் பம்பையும் ரப்பர் கட்டையும் இன்றே எடுத்துவிடுங்கள், தம்பி. உறிஞ்சும் பம்பு நஞ்சை வெளியே எடுக்காது, திசுவைத்தான் சேதப்படுத்தும். இறுக்கக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று காலையே இழக்க நேரிடலாம். கடிபட்டவரை அசையாமல் கிடத்தி, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல அந்தக் கால் அல்லது கைக்கு அணை வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, நஞ்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அவரை நடக்க விடாதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். அதைக் காட்டில் கொடுக்க முடியாது, மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ முயல வேண்டாம்.

பம்பும் ரப்பர் கட்டும் இருந்த இடத்தில் 10 செ.மீ. அகலமுள்ள கிரேப் பேண்டேஜ் (இழுபடும் கட்டுத்துணி) ஒன்று வையுங்கள். பிசகிய கணுக்காலுக்கும், அணைக் கட்டைக் கட்டுவதற்கும், இரத்தம் கசியும் இடத்தை அழுத்திக் கட்டுவதற்கும் அது ஒன்றே உதவும். ஒரு லிட்டர் நீருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வையுங்கள். நீங்கள் அன்றாடம் சாப்பிடும் மாத்திரை ஏதேனும் இருந்தால் இரண்டு நாளுக்கானது வெஸ்ட்டில் இருக்கட்டும். இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை அழியாத மையால் உட்புறத் துணியிலேயே எழுதுங்கள்.

விழுபவர்கள் கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டு முறிவது மிகவும் சாதாரணம். எனவே எல்லாப் பைகளையும் இடது கையால் மட்டும் ஒரு முறை, வலது கையால் மட்டும் ஒரு முறை, இருட்டில் படுத்துக்கொண்டு திறந்து பாருங்கள்.

பொதிகைநடை எழுதியது, ஐந்து வாரங்களுக்குப் பிறகு

புதிய வெஸ்ட் தயாராகிவிட்டது. பைகள் ஆறு, கைப்பேசி உட்பட மொத்த எடை 1.1 கிலோ. விசில் தோளருகே, தொங்கினாலும் கழுத்தை இறுக்காத இடத்தில், குட்டைக் கயிற்றில் இருக்கிறது. முதுகுப்பையை ஏற்றி எங்கள் ஊர்க் குன்றில் ஐந்து மணி நேரம் நடந்தேன். கழுத்து வலிக்கவில்லை, இறங்கும்போது பாதம் தெரிந்தது.

செவிலி அக்கா சொன்னபடி மொட்டைமாடியில் இரவில், மேலே வாளி நீரை ஊற்றிக்கொண்டு, படுத்தபடி இடது கையால் மட்டும் சோதித்தேன். விசிலும் விளக்கும் உடனே கைக்கு வந்துவிட்டன. ஆனால் பாலித்தீன் பையை வெளியே எடுக்க இரண்டு நிமிடங்களுக்கு மேலாயிற்று. நனைந்ததும் அது பையின் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் வெஸ்ட்டும் சேர்ந்து வருகிறது. குளிரில் விரல் விறைத்திருந்தால் என்னால் எடுத்திருக்கவே முடியாது.

தையல்மேசை எழுதியது

சுருட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுருட்டாமல் விசிறிமடிப்பாக மடியுங்கள். வெஸ்ட்டில் அது இருக்கும் பையை மட்டும் தையல் பிரித்து, 2 செ.மீ. அகலம் கூட்டி, ஜிப்பை மேலே வைக்காமல் பக்கவாட்டில் முழு நீளத்துக்கு வையுங்கள். பையின் அடித்தையலில் ஒரு நாடாவின் முனையைப் பிடித்து, அதைப் பாலித்தீனுக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து, மறுமுனையை ஜிப்புக்கு வெளியே வளையமாக விட்டுவிடுங்கள். வளையத்தை இழுத்தால் நாடா மடிப்பை அடியிலிருந்து வெளியே தள்ளும். நாடா 20 மி.மீ. அகலம் இருக்கட்டும், விறைத்த விரலுக்கும் அது பிடிபடும். தைத்தபின் அதே வாளி நீருடன் இன்னொரு முறை சோதித்துவிட்டு எழுதுங்கள்.