கோடை நாடகங்களுக்கு நடிகர் தேர்வு: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
வணக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் ஊர் ஊராக நடத்துவதற்கு எங்கள் குழு மூன்று நாடகங்களைத் தயாரிக்கிறது. எட்டு வேடங்களுக்கு முப்பது பேர் பெயர் கொடுத்துள்ளனர். சென்ற ஆண்டு வசனத்தைப் பிசகாமல் ஒப்பித்தவர்களையே எடுத்தோம். ஒத்திகையிலோ, எதிரில் நிற்பவர் பேசுவதை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தேர்வை எப்படி நடத்தலாம்?

மறுமொழி (ஈரோடு):
ஐயா, தனித்தனியாக அழைக்காமல் இருவர் இருவராக அழையுங்கள். ஒரு பக்க வசனத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, “இதையே கோபமில்லாமல், கெஞ்சுவதுபோலச் சொல்லுங்கள்” என்று மாற்றிக் கேளுங்கள். முதல் வாசிப்பைவிட இந்த இரண்டாவது வாசிப்பே முக்கியம், ஏனெனில் சொன்னதை வாங்கிக்கொண்டு மாறக்கூடியவர் யார் என்பது அங்கேதான் தெரியும். எங்கள் தேர்வில் திக்கித் திக்கிப் படித்த ஒரு பெண், எதிராளி வரியை மறந்து நின்றபோது, “ஏனுங்க, தண்ணி குடிக்கறீங்களா?” என்று வேடத்துக்குள் இருந்தபடியே சொம்பை நீட்டினார். அவரையே நாயகியாக்கினோம், இன்றும் அந்த முடிவில் எனக்கு முழு மகிழ்ச்சி.

மறுமொழி (பொள்ளாச்சி):
அண்ணன் சொல்வது சரி. திறந்தவெளியில் ஆடுவதானால், மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை குரல் எட்டுகிறதா என்று வாசலில் நிறுத்திப் பாருங்கள். கல்லூரித் தேர்வு, கோவில் நோன்பு, வேலை நேரம் ஆகியவற்றையும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இருவர் இருவராகவே அழைக்கிறோம். தேர்வாகாதவர்களுக்கும் நானே நேரில் சொல்லிவிடுகிறேன்.